அமெரிக்காவில் இரண்டாவது தடவை திவால் மனு கொடுக்குமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ப்பக்கம் இதை "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "ஐ.பி. கொடுத்துட்டான்" என்பார்கள். இரண்டு பேச்சிலும் ஓர் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பயந்தே இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் கழுத்துவரை தண்ணீர் வரும்வரை யாரிடமும் வாய் திறப்பதில்லை. ஒருமுறை திவால் கொடுத்து எழுந்து மறுபடியும் விழுந்தவர்கள் பாடு இன்னும் கஷ்டம். நான் வக்கீல் இல்லை. தெரிந்தவர்களுக்குத் துணையாக வக்கீல் அலுவலகங்களுக்குப் போய், அங்கே ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லி வந்தவன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு ஒரு திவால் வக்கீலைக் கட்டாயம் பாருங்கள். பலர் முதல் சந்திப்புக்குப் பணம் வாங்குவதில்லை.

ஒரு தடவை கொடுத்தவர் மறுபடியும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். வாழ்நாளில் இத்தனை முறைதான் என்று சட்டத்தில் கணக்கு எதுவும் இல்லை. ஆனால் மனு கொடுப்பது வேறு, "டிஸ்சார்ஜ்" கிடைப்பது வேறு. இந்தக் கடனுக்கு நீங்கள் இனி பொறுப்பில்லை என்று நீதிமன்றம் கொடுக்கும் உத்தரவுதான் டிஸ்சார்ஜ். மனு கொடுத்த உடனே கடன்காரர்களை, அதாவது நமக்குக் கடன் கொடுத்தவர்களை, தடுத்து நிறுத்துகிற தடை உத்தரவு இன்னொன்று. இரண்டாம் முறையில் இந்த இரண்டுமே முதல் முறை மாதிரி தானாகக் கைக்கு வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

சாப்டர் 7, சாப்டர் 13 என்றால் என்ன?

தனி ஆட்கள் பெரும்பாலும் போவது திவால் சட்டத்தின் இந்த இரண்டு அத்தியாயங்கள் வழியாகத்தான். சாப்டர் 7-இல், சட்டம் விலக்கு கொடுத்த சொத்து போக மீதி இருந்தால், வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு வைப்பார். பலரிடம் விற்க ஒன்றும் இருக்காது, நாலைந்து மாதத்தில் முடிந்துவிடும். சாப்டர் 13-இல் சொத்தை வைத்துக்கொண்டு, மூன்று முதல் ஐந்து வருடம் மாதாமாதம் டிரஸ்டியிடம் பணம் கட்டுவீர்கள். வீட்டுக் கடன் தவணை பாக்கி விழுந்து வீடு ஏலத்துக்கு வரும் நிலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆதரவு.

எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?

முன்பு எந்த வகையில் டிஸ்சார்ஜ் வாங்கினீர்கள், இப்போது எந்த வகைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முன்பும் சாப்டர் 7, இப்போதும் சாப்டர் 7 என்றால் 8 வருடம். முன்பு 7, இப்போது 13 என்றால் 4 வருடம். முன்பும் 13, இப்போதும் 13 என்றால் 2 வருடம். முன்பு 13, இப்போது 7 என்றால் 6 வருடம். இந்தக் கடைசி வகைக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. கிரெடிட் கார்டு மாதிரி அடமானமில்லாத கடன்களை அந்தப் பழைய திட்டத்தில் முழுக்கக் கட்டியிருந்தால், அல்லது நல்லெண்ணத்தோடு முடிந்த அளவு முயன்று 70 சதவீதமாவது கட்டியிருந்தால், ஆறு வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

பலரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. வருடங்களை டிஸ்சார்ஜ் கிடைத்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. பழைய மனு கொடுத்த நாளிலிருந்து புது மனு கொடுக்கும் நாள்வரை எண்ண வேண்டும். 2018 மார்ச் 12-இல் மனு கொடுத்து ஜூலையில் டிஸ்சார்ஜ் வாங்கியவருக்கு, எட்டு வருடம் 2026 மார்ச் 12-இல் நிறைகிறது. ஜூலை வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் மார்ச் முதல் வாரத்தில் அவசரப்பட்டுக் கொடுத்தால், சொத்தையெல்லாம் நீதிமன்றத்தின் முன் திறந்து வைத்த பிறகும் டிஸ்சார்ஜ் கிடைக்காது. நாலு நாள் தள்ளிக் கொடுப்பதில் ஒன்றும் குறையாது.

இந்தக் கணக்கு சில சமயம் நமக்குச் சாதகமாகவும் வரும். 2020-இல் சாப்டர் 13 கொடுத்து ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டி 2025-இல் முடித்தவருக்கு, அடுத்த சாப்டர் 13-க்கான 2 வருடம் எப்போதோ தாண்டியாயிற்று. சாப்டர் 7-க்குக்கூட அப்போதிருந்து ஒரு வருடம்தான் பாக்கி.

என் முதல் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. எனக்கும் இந்த வருடக் கணக்கு உண்டா?

இல்லை. டிஸ்சார்ஜ் வாங்கியிருந்தால்தான் அந்தக் கணக்கு. ஆனால் எப்படித் தள்ளுபடி ஆனது என்பதைப் பாருங்கள். நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறினீர்கள் என்றோ, வராமல் இருந்தீர்கள் என்றோ தள்ளுபடி செய்திருந்தால் 180 நாள் மறுபடி மனு கொடுக்க முடியாது. கடன்காரர் தடை உத்தரவை நீக்கச் சொல்லிக் கேட்ட பிறகு நீங்களே மனுவைத் திரும்பப் பெற்றிருந்தாலும் அதே 180 நாள்தான்.

தள்ளுபடியும் டிஸ்சார்ஜ் மறுப்பும் ஒன்றில்லை. சொத்தை மறைத்ததற்காகவோ பொய் சொன்னதற்காகவோ முன்பு டிஸ்சார்ஜ் மறுக்கப்பட்டிருந்தால், அந்த வழக்கில் இருந்த கடன்களை எத்தனை வருடம் கழித்துக் கொடுத்தாலும் கரைக்க முடியாது.

புது மனு கொடுத்த உடனே ஃபோன் தொல்லையும் ஏலமும் நிற்குமா?

முதல் முறை மனு கொடுப்பவருக்கு நிற்கும். மனு பதிவான நொடியிலிருந்து சம்பளத்தில் பிடித்தம், வீட்டு ஏலம், கார் பறிமுதல் எல்லாம் அப்படியே நின்றுவிடும். அந்த நினைவை வைத்துக்கொண்டுதான் பலர் இரண்டாம் முறையும் ஏலத்துக்கு முதல் நாள் ஓடி வருகிறார்கள்.

கடந்த ஒரு வருடத்துக்குள் உங்கள் மனு ஒன்று தள்ளுபடி ஆகியிருந்தால், புது மனுவில் தடை உத்தரவு 30 நாளில் முடிந்துவிடும். நீட்டிக்க வேண்டுமானால் தனியாக ஒரு கோரிக்கை போட வேண்டும். அந்த 30 நாளுக்குள் விசாரணையும் முடிந்தாக வேண்டும். பெரும்பாலும் நீங்கள் நல்லெண்ணத்தோடு வரவில்லை என்ற அனுமானத்தோடுதான் நீதிபதி தொடங்குவார். போன தடவை திட்டம் ஏன் முறிந்தது, அதற்குப் பிறகு உண்மையிலேயே என்ன மாறியிருக்கிறது என்று வலுவான ஆதாரம் காட்டுவது உங்கள் பொறுப்பு. புது வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரி சிகிச்சை முடிந்ததற்கான காகிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். "இந்தத் தடவை சரியாகக் கட்டிவிடுவேன்" என்ற வாய்வார்த்தை போதாது.

ஒரு வருடத்துக்குள் இரண்டு மனுக்கள் தள்ளுபடி ஆகியிருந்தால், மூன்றாவதில் தடை உத்தரவு பிறக்கவே பிறக்காது. நீங்களே போய்க் கேட்டு வாங்க வேண்டும். வீட்டு ஏலத்தைத் தள்ளிப்போட மட்டும் திரும்பத் திரும்ப மனு கொடுத்தால் இன்னொரு சிக்கலும் வரும். அந்த வீட்டைப் பொறுத்தவரை 2 வருடத்துக்குத் தடை செல்லாது என்று கடன்காரர் உத்தரவு வாங்கிப் பத்திரப் பதிவில் ஏற்றிவிடலாம். அப்புறம் மனைவி பெயரில் புதிதாக மனு கொடுத்தாலும் அந்த வீட்டைப் பொதுவாகக் காப்பாற்றாது.

ஆகவே ஏலத் தேதி நோட்டீஸ் வந்த அன்றே வக்கீலைப் பாருங்கள். நீட்டிப்புக் கோரிக்கையை மனுவோடு சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

நான்கு வருடம் ஆகவில்லை. டிஸ்சார்ஜ் கிடைக்காது என்று தெரிந்தும் சாப்டர் 13 கொடுப்பதில் அர்த்தம் உண்டா?

சில குடும்பங்களுக்கு உண்டு. சாப்டர் 7-ஐ முடித்த கையோடு 13-க்குப் போவதை வக்கீல்கள் இரண்டையும் கூட்டி "சாப்டர் 20" என்பார்கள். சட்டப் புத்தகத்தில் அப்படி ஓர் அத்தியாயம் கிடையாது. முதல் மனுவில் கார்டு கடனெல்லாம் கரைந்துவிட்டது, ஆனால் வீட்டுத் தவணை பாக்கியும் வருமான வரி பாக்கியும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டி முடிக்க ஐந்து வருட அவகாசமும் பாதுகாப்பும் 13-இல் கிடைக்கலாம். கேன்சஸில் ஒரு பண்ணை அடமானத்தை வைத்து வந்த ஜான்சன் எதிர் ஹோம் ஸ்டேட் பேங்க் வழக்கில், இப்படி அடுத்தடுத்துக் கொடுப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லெண்ணம் இருக்கிறதா என்பதை மட்டும் நீதிபதி கூர்ந்து பார்ப்பார்.

வருடக் கணக்கு சரியாக இருக்கிறது. உடனே கொடுத்துவிடலாமா?

இந்தக் கேள்வியில்தான் நான் எல்லோரையும் கொஞ்சம் பிடித்து நிறுத்துவேன். மனு கொடுத்த நாள்வரை சேர்ந்த கடன்தான் சாப்டர் 7-இல் கரையும். மறுநாள் வருகிற ஆஸ்பத்திரி பில் உங்கள் தலையில்தான். கீமோதெரபி நடுவில் இருக்கும்போது, பில் இன்னும் வந்துகொண்டிருக்கும்போது, வேலை போய் கார்டில் மளிகை வாங்கிக்கொண்டிருக்கும்போது கொடுத்துவிட்டால், ஆறு மாதத்தில் புதுக் கடன் அதே உயரத்துக்கு வந்து நிற்கும். கையில் இருந்த ஒரே மருந்தைச் செலவழித்திருப்பீர்கள். அடுத்த சாப்டர் 7 டிஸ்சார்ஜுக்கு 8 வருடம்.

ஓட்டையை அடைத்த பிறகுதான் தண்ணீரை இறைக்க வேண்டும். சிகிச்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும், நஷ்டத்தில் ஓடும் கடையை மூடி முடியுங்கள். அதுவரை கடன்காரர் ஃபோனைச் சகித்துக்கொள்ள முடிந்தால் சகித்துக்கொள்ளுங்கள். சம்பளப் பிடித்தமோ வீட்டு ஏலமோ வாசலில் நின்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

இன்னொரு காரணத்துக்காகவும் தேதி முக்கியம். சாப்டர் 7-க்குத் தகுதி பார்க்கும் கணக்கில், மனு கொடுக்கும் மாதத்துக்கு முந்தைய ஆறு மாத வருமானத்தை எடுத்து, உங்கள் மாநிலத்தில் அதே அளவு குடும்பத்தின் இடைநிலை வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். வேலை போனபோது கம்பெனி கொடுத்த பெரிய தொகை அந்த ஆறு மாதத்துக்குள் விழுந்தால் தகுதி தவறலாம். இரண்டு மாதம் பொறுத்தால் அதே குடும்பம் தகுதி பெறலாம்.

எந்தக் கடன்கள் கரையாது?

பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம், துணைக்கான ஜீவனாம்சம், சமீபத்திய வருமான வரி, அபராதங்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதால் ஏற்பட்ட உயிரிழப்பு அல்லது காயத்துக்கான நஷ்டஈடு, ஏமாற்றி வாங்கிய கடன். கல்விக் கடன் தனியாக வழக்காடி, கட்டினால் வாழவே முடியாது என்று நிரூபித்தால் கரையும். அரசுக் கல்விக் கடனுக்கு அந்த நிரூபணத்தைக் கொஞ்சம் சுலபமாக்கும் நடைமுறையை மத்திய அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) 2022-இல் கொண்டுவந்தது.

உங்கள் கடனில் முக்கால்வாசி இந்தப் பட்டியலில் வருகிறதென்றால், இரண்டாம் மனு உங்களுக்கு அதிகம் உதவாது.

முதல் முறை கரைந்த கடனுக்கே இப்போது ஒரு வசூல் கம்பெனி கூப்பிடுகிறது. அதற்காக மறுபடி கொடுக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். கரைந்த கடன் கரைந்ததுதான், டிஸ்சார்ஜுக்குக் காலாவதி கிடையாது. அதை வசூலிக்க முயல்வது நீதிமன்ற உத்தரவை மீறுவது. பழைய கடன் கைமாறிக் கைமாறி எங்கோ ஒரு கம்பெனியிடம் போய்ச் சேர்ந்திருக்கும். டிஸ்சார்ஜ் உத்தரவின் நகலை அனுப்புங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வக்கீல் பழைய வழக்கைத் திறந்து நடவடிக்கை எடுக்கலாம். பயந்துபோய் நூறு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

ஊரில் இருக்கும் நிலத்தையும் நகையையும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். சொத்து எந்த நாட்டில் இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். மதுரையில் உள்ள மனை, பாகம் பிரிக்காத பூர்வீக வீட்டில் உங்கள் பங்கு, என்ஆர்இ கணக்கு, நடந்துகொண்டிருக்கும் சீட்டு, அம்மாவின் லாக்கரில் இருக்கும் உங்கள் நகை எல்லாம் பட்டியலில் வர வேண்டும். மனு கொடுத்து 180 நாளுக்குள் அப்பா காலமாகி உங்களுக்குப் பங்கு வந்தாலும் தெரிவிக்க வேண்டும். பட்டியலில் எழுதிய எல்லாமே பறிபோய்விடாது. விலக்குகள் உண்டு. பிரிக்காத பங்கை வேறு நாட்டில் விற்பதும் லேசில்லை. ஆனால் எழுதாமல் விட்டது தெரியவந்தால் டிஸ்சார்ஜே போய்விடலாம். வேண்டுமென்றே மறைத்தால் 5 வருடம்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இரண்டாம் முறை கொடுப்பவருக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. உங்கள் பழைய மனு டிரஸ்டியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2009-இல் வாங்கிய மனையை 2017 மனுவில் எழுதாமல் விட்டு, இப்போது எழுதினால் "அப்போது ஏன் இல்லை?" என்று கேட்பார். அப்படி ஏதாவது விடுபட்டிருந்தால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவரிடம் சொல்வது ரகசியமாகவே இருக்கும். திருத்துவதற்கான வழியை அவர் சொல்வார். நான் பார்த்தவரை, இந்த ஒரு விஷயத்தில்தான் நல்ல மனிதர்கள் வெட்கத்தாலும் பயத்தாலும் தங்களுக்குத் தாங்களே கெடுதல் செய்துகொள்கிறார்கள்.

மனு கொடுக்குமுன் அண்ணனிடம் வாங்கிய கைமாத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மனசாட்சி அப்படித்தான் சொல்லும், ஆனால் கொடுக்காதீர்கள். மனுவுக்கு முந்தைய ஒரு வருடத்தில் சொந்தக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்த பணத்தை டிரஸ்டி அவர்களிடமிருந்தே திரும்பக் கேட்க முடியும். உங்களுக்கு உதவியவரே நோட்டீஸ் வாங்கும்படி ஆகிவிடும். டிஸ்சார்ஜ் வந்த பிறகு உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் விருப்பப்பட்டுத் திருப்பிக் கொடுப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். காரையோ வீட்டையோ மச்சான் பெயருக்கு மாற்றுவது இதைவிட மோசம். அதில் டிஸ்சார்ஜே போய்விடலாம்.

401கே பணத்தை எடுத்துக் கடனை அடைத்துவிட்டால் மனுவே வேண்டாமே?

ஓய்வுக்கால 401கே சேமிப்பைக் கடன்காரர்கள் தொட முடியாது, திவாலிலும் அது பத்திரம். அதைச் சீக்கிரமே எடுத்தால் வரியும் கட்ட வேண்டும், 59½ வயதுக்கு முன் என்றால் பொதுவாக 10 சதவீத அபராதமும் கட்ட வேண்டும். அப்படி எடுத்துப் பாதிக் கடனை அடைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எப்படியும் திவால் மனு கொடுத்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. பாதுகாப்பாக இருந்ததை எடுத்து, எப்படியும் கரையப் போகிற கடனில் கொட்டியிருந்தார்கள்.

கணவன், மனைவி இருவரும் கொடுக்க வேண்டுமா?

அவசியமில்லை. முதல் முறை ஒருவர் மட்டும் டிஸ்சார்ஜ் வாங்கியிருந்தால், மற்றவருக்கு வருடக் கணக்கே கிடையாது. ஆனால் கூட்டாகக் கையெழுத்திட்ட கடனில் ஒருவர் விடுபட்டால் முழுச் சுமையும் மற்றவர் மேல் விழும். கலிஃபோர்னியா, டெக்சஸ், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்து பொதுச் சொத்து என்பதால் கணக்கு வேறு மாதிரி போகும்.

விசாவுக்கும் வேலைக்கும் கேடு வருமா?

குடியுரிமை இல்லாதவரும் மனு கொடுக்கலாம். இங்கே வசித்தாலோ சொத்து இருந்தாலோ போதும். எச்-1பி-யில் இருப்பவருக்கும் இது பொருந்தும். திவால் கொடுப்பது குற்றமில்லை. அதில் பொய் சொல்வது குற்றம், குடியேற்ற வழக்கில் அது வந்து நிற்கும். திவால் கொடுத்ததை மட்டும் காரணமாக வைத்து உங்கள் கம்பெனி உங்களை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. புது வேலைக்கு ஆள் எடுக்கும் தனியார் கம்பெனிகள் விஷயத்தில் அந்தப் பாதுகாப்பு பலவீனம்.

கிரெடிட் ரிப்போர்ட்?

சாப்டர் 7 மனு கொடுத்த நாளிலிருந்து 10 வருடம் தெரியும். முடித்த சாப்டர் 13-ஐ வழக்கமாக 7 வருடத்தில் எடுத்துவிடுகிறார்கள். வீட்டுக் கடன் வாங்க நினைத்தால் இதையும் கவனியுங்கள்: கடந்த 7 வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மனு இருந்தால், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி கடைசி டிஸ்சார்ஜ் அல்லது தள்ளுபடியிலிருந்து 5 வருடம் காத்திருக்க வேண்டும்.

கட்டணம் எவ்வளவு? வகுப்புகளை மறுபடி எடுக்க வேண்டுமா?

நீதிமன்றக் கட்டணம் சாப்டர் 7-க்கு 338 டாலர், 13-க்கு 313 டாலர். வக்கீல் கட்டணம் தனி. வருமானம் மிகக் குறைவென்றால் சாப்டர் 7 கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம், தவணையிலும் கட்டலாம். மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசனை, மனுவுக்குப் பிறகு பண நிர்வாக வகுப்பு, இரண்டையும் மறுபடி முடிக்க வேண்டும். பழைய சான்றிதழ் செல்லாது.

திவாலை விட்டால் வேறு வழி இல்லையா?

சிலருக்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பதே நல்ல வழி. அப்பா, அம்மா சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வுக்காலப் பணத்தில் மட்டும் வாழ்கிறார்கள், சொத்து ஒன்றும் இல்லை என்றால், கார்டு கம்பெனி வழக்குப் போட்டு ஜெயித்தாலும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. சம்பளக்காரர்களுக்கும் சாதாரணக் கடனுக்குப் பிடித்தம் செய்ய உச்சவரம்பு உண்டு. மத்தியச் சட்டப்படி கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. டெக்சஸில் கார்டு கடனுக்காகச் சம்பளத்தைப் பிடிப்பதே இல்லை.

கடன்காரரோடு பேசிக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் தள்ளுபடி செய்த தொகை வருமானமாகக் கணக்காகி வரி வரக்கூடும். திவாலில் கரைந்த கடனுக்கு அந்த வரி கிடையாது. "நாங்கள் பேசி முடித்துத் தருகிறோம்" என்று ஃபோனில் வந்து முன்பணம் கேட்கும் கம்பெனிகளிடம் மாட்டாதீர்கள். ஒரு கடனையாவது முடித்துக் கொடுக்குமுன் கட்டணம் வாங்குவது அவர்களுக்கு 2010 முதல் தடை.

பழைய வழக்கின் காகிதங்கள் தொலைந்துவிட்டன. என்ன செய்வது?

"பேசர்" (PACER) என்ற நீதிமன்ற இணையதளத்தில் கணக்குத் திறந்து உங்கள் பெயரில் தேடுங்கள். ஒரு பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் அதுவும் கேட்க மாட்டார்கள். மிகப் பழைய வழக்கென்றால் அந்த நீதிமன்ற அலுவலகத்தில் கேட்க வேண்டியிருக்கும். வழக்கு எண், மனு கொடுத்த தேதி, சொத்துப் பட்டியல், டிஸ்சார்ஜ் அல்லது தள்ளுபடி உத்தரவு, இந்த நான்கையும் அச்செடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போங்கள். புது மனுவின் தொடக்கத்திலேயே கடந்த 8 வருடத்தில் கொடுத்த மனுக்களைக் கேட்பார்கள். அந்தப் பெட்டியை நிரப்ப இந்தக் காகிதம்தான் வேண்டும்.